ஒரு தீக்குச்சித் தளர்வு

எட்டாம் வகுப்போடு நான் பள்ளிக்கூடத்தை விட்டேன். பள்ளிக்கூடமும் என்னைத் தேடி வரவில்லை. இரு தரப்புக்கும் வருத்தமில்லை. அதன் பிறகு திருப்பூரில் பனியன் துணி வெட்டினேன், கொச்சி லாரியில் கிளீனராகப் போனேன், மூணாறில் ஒரு லாட்ஜில் படுக்கை விரித்தேன். இடது ஆள்காட்டி விரலின் நுனியைத் திருப்பூரில் ஒரு மெஷின் எடுத்துக்கொண்டது. பதிலுக்குக் கம்பெனி ஒரு பிரெட் பாக்கெட்டும் மூன்று நாள் சம்பளமில்லாத லீவும் கொடுத்தது. கடைசியில் கோயம்புத்தூரில் ஒரு செல்போன் கடை வாசலில் ஸ்டூல் கிடைத்தது. போன் திரைமேல் பிளாஸ்டிக் தாள் ஒட்டுகிற வேலை. குமிழி விழாமல், சுருக்கம் இல்லாமல், மேளத்தோல் போல விறைப்பாக ஒட்டுவேன். இந்த உலகத்துக்கு நான் அளித்த கொடை எது என்று யாராவது கேட்டால் அதைத்தான் சொல்ல வேண்டியிருக்கும். இதுவரை யாரும் கேட்கவில்லை.

அந்த ஸ்டூலுக்கு முன்னால்தான் மேடம் வந்து நின்றார். பொறியியல் கல்லூரி ஒன்றில் ஆராய்ச்சி செய்பவர், வயது முப்பதைக் கொஞ்சம் தாண்டியிருக்கும். போனை நீட்டினார், ஒட்டிக் கொடுத்தேன். அவர் போனைப் பார்க்கவில்லை, என் கையையே பார்த்துக்கொண்டிருந்தார். இதைவிட மெல்லிசான தாளை ஒட்ட முடியுமா என்று கேட்டார். எவ்வளவு மெல்லிசு என்றேன். பையிலிருந்து ஒரு துண்டை எடுத்துக் காட்டினார். நான் விட்ட மூச்சில் அது பறந்து பக்கத்து வடைக்கடைக்குள் போய் விழுந்தது. அதை எடுத்துத் துடைத்து ஒரு கம்பியில் ஒட்டிக் காட்டினேன். வேலை கிடைத்துவிட்டது.

பூச்சி மாதிரி இறக்கை அடித்துப் பறக்கும் டிரோன் செய்கிறோம் என்றார். கல்யாண மண்டபங்களில் பெண்ணையும் மாப்பிள்ளையையும் சுற்றி வரும் விசிறி வைத்த டிரோன் செடிகளுக்கு நடுவே போனால் இலையை வெட்டும், இல்லாவிட்டால் இலையில் சிக்கி விழும். பூச்சி அப்படியல்ல. இலையில் இடித்தாலும் இறக்கை வளைந்து கொடுக்கும். அடுத்த நொடி அது தன் பாட்டுக்குப் போய்விடும். அப்படியொன்றைச் செய்து அடர்ந்த தோட்டத்துக்குள் பறக்கவிட வேண்டும், அதற்கு ஓர் ஏலத்தோட்டம் பார்த்திருக்கிறோம் என்றார். எங்கே என்றேன். போடிக்கு மேலே, குரங்கணியிலிருந்து ஜீப்பில் போக வேண்டும் என்றார்.

நான் போடியில் பிறந்தவன். அந்த ஊரைவிட்டு விலகியிருக்கப் பதினைந்து வருடம் பாடுபட்டிருந்தேன். விஞ்ஞானம் என்னை அரை நாளில் திரும்பக் கொண்டுபோய் விட்டது.

குரங்கணி சோதனைச் சாவடியில் பெட்டியைத் திறந்து காட்டச் சொன்னார்கள். உள்ளே உள்ளங்கை நீளத்தில் இரண்டு இறக்கை, நடுவில் சுண்டுவிரல் நகம் அளவு மோட்டார், இரண்டு பல்சக்கரம். மேடம் கல்லூரிக் கடிதத்தைக் காட்டி ஐந்து நிமிடம் விளக்கினார். கேட்டவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, நோட்டில் பொருள் என்ற இடத்தில் ‘பூச்சி - 1’ என்று எழுதிக்கொண்டார். எங்கள் வேலையைப் பற்றி அதைவிடச் சுருக்கமாக யாரும் எழுதியதில்லை.

தோட்டத்து முதலாளி போடியில் ஏலக்காய் வியாபாரம் செய்பவர். தாராளமான மனிதர். காய் உலர்த்தும் ஸ்டோரை ஒட்டிய அறையை எங்களுக்கு ஒழித்துக் கொடுத்தார். சுவருக்கு அந்தப் பக்கம் சூடு இருந்ததால் மழை மாதத்திலும் பசை காய்ந்தது. நான் போடிக்காரன் என்று தெரிந்ததும் ‘மாப்ளே’ என்று கூப்பிட ஆரம்பித்தார். முதல் நாளே அவருக்கு ஒரு சந்தேகம் இருந்தது.

“தேவாரத்துல எனக்கு ஒரு தென்னந்தோப்பு இருக்கு மாப்ளே. யானை எறங்குது. இதை விட்டா வெரட்டுமா?”

கொசுவை விரட்டுமா என்பதே சந்தேகம் என்றேன். அவர் முகம் வாடிவிட்டது. ஆனாலும் அறையைத் திரும்பக் கேட்கவில்லை.

காய் எடுக்கும் பெண்கள் காலையில் ஜீப்பில் வருவார்கள், பதினாறு பேர் ஒரே ஜீப்பில். அவர்களை மேய்க்கும் கங்காணி ஒரு அக்கா. நியூட்ரினோவுக்காகப் பொட்டிபுரத்து மலையைக் குடைய வந்த கூட்டமா நாங்கள் என்று முதல் வாரம் விசாரித்தார். இல்லை, பூச்சி செய்ய வந்தவர்கள் என்று தெரிந்ததும் அவருக்கு எங்கள்மேல் இருந்த கொஞ்சநஞ்ச பயமும் போய்விட்டது.

“ஏன் அப்பு, தலைக்கு மேல இத்தனை சும்மா பறக்குது. ஒண்ணைப் பிடிச்சு டப்பாவுல போட்டுக் கொண்டுபோய்க் குடுத்தா சோலி முடிஞ்சிரும்ல?”

அவர் சொன்னதில் பாதியை மேடம் ஏற்கெனவே செய்துகொண்டிருந்தார். ஏலப்பூ செடியின் தலையில் பூக்காது. அடித்தண்டிலிருந்து தரையோரமாகச் சரம் விட்டு அதில் பூக்கும். விடிவதற்கு முன் விரிந்து சாயங்காலம் வாடிவிடும். வெயில் ஏறுவதற்குள் தேனீ வரும். மேடம் ஈரத் தரையில் குப்புறப் படுத்துக்கொண்டு, ஒரு நொடியை ஒரு நிமிடமாக இழுத்துக் காட்டும் கேமராவில் தேனீ இறக்கை அடிப்பதைப் படம் எடுப்பார். அட்டை அவர் கணுக்காலில் ஏறும். நான் பக்கத்தில் உப்போடு உட்கார்ந்திருப்பேன். என் வேலை விவரத்தில் அது இல்லை. அப்போது எனக்கு வேலை விவரம் என்றே ஒன்று இல்லை.

மற்ற நேரமெல்லாம் இறக்கை ஒட்டினேன். பென்சில் முனையைவிட மெல்லிய கார்பன் நார்க் குச்சிகள்தான் நரம்பு. அவற்றின்மேல் தாளை ஒட்ட வேண்டும். என் தொழில் மானம் முழுவதையும் போட்டு ஒட்டினேன். தட்டினால் ‘டப்’ என்று சத்தம் வரும். மேடம் ஒவ்வொன்றையும் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து ரொம்ப அழகாக இருக்கிறது என்பார். பிறகு மெஷினில் மாட்டி ஓட்டுவார். அது மேசைமேல் கோபக்காரக் கரப்பான் மாதிரி அதிர்ந்து, ஓர் அங்குலம் துள்ளி, உட்கார்ந்துகொள்ளும். மோட்டாரை மாற்றினார், பல்சக்கரத்தை மாற்றினார், பேட்டரியைச் சின்னதாக்கினார். துள்ளல் ஓர் அங்குலத்திலிருந்து ஒன்றரை அங்குலமானது. முப்பது நாற்பது இறக்கை இப்படிப் போனது. குறை என் கையில் இருக்கும் என்று இரண்டு பேருக்குமே தோன்றவில்லை. அவ்வளவு நன்றாக ஒட்டியிருந்தேன்.

ஒருநாள் பலத்த மழை. ஒட்டிக்கொண்டிருக்கும்போதே கரண்டு போய்விட்டது. தாள் நழுவி, நடுவில் தொப்பை விழுந்து, ஓரம் தொளதொளவென்று ஒட்டிக்கொண்டது. சோடிக்கு அடுத்ததும் அப்படியே. செல்போன் கடையில் இப்படி ஒட்டியிருந்தால் ஸ்டூல் என் முதுகில் விழுந்திருக்கும். இரண்டையும் மேசைக்கடியில் இருந்த குப்பை டப்பாவில் போட்டு மேலே ஒரு பேப்பரையும் போட்டேன். மறுநாள் நான் டீ குடித்துவிட்டு வருவதற்குள், மெஷினில் இருந்த நல்ல இறக்கை கிழிந்து, வேறு இல்லாமல், மேடம் டப்பாவைக் கிளறியிருக்கிறார். உள்ளே நுழைந்தபோது மெஷின் மேசையில் இல்லை. மேலே கூரை ஓட்டில் இடித்தபடி துடித்துக்கொண்டிருந்தது.

“மேடம், அது வீணாப்போன றெக்கை.”

“தெரியுதுங்க. இதே மாதிரி இன்னும் எட்டு வீணாக்கிக் குடுங்க.”

கேமராவில் போட்டுப் பார்த்தபோதுதான் விஷயம் புரிந்தது. என் விறைப்பான இறக்கை காற்றைத் தட்டையாக அறைந்துகொண்டிருந்தது, அவ்வளவுதான். தளர்ந்த இறக்கை முன்னால் போகும்போது ஒரு பக்கம் தொப்பை போட்டது, திரும்பும்போது புரண்டு மறுபக்கம் தொப்பை போட்டது. இரண்டு போக்கிலும் காற்றைக் கீழே தள்ளியது. பக்கத்திலேயே தேனீயின் படத்தையும் ஓட்டினார். அதன் இறக்கையும் ஒவ்வொரு அடிக்கும் முறுக்கிப் புரண்டது. அதுவும் தொளதொளவென்றுதான் இருந்தது. அதை ஒட்டியவனை யாரும் கடையைவிட்டுத் துரத்தவில்லை போலிருக்கிறது.

எட்டு வீணாக்குவது சுலபம் என்று நினைத்தேன். வாழ்க்கை முழுவதும் செய்தது அதுதானே. முடியவில்லை. என் கை தானாக விறைப்பாக இழுத்தது. விட்டால் அதிகமாகத் தொங்கியது. ஒரு பக்கம் கூடி மறுபக்கம் குறைந்தால் மெஷின் கிறுகிறுத்துச் சுவரில் போய் முட்டியது. ஒரு தப்பை இரண்டு முறை ஒரே அளவில் செய்வது எவ்வளவு கஷ்டம் என்று அப்போதுதான் தெரிந்தது. பத்து நாள் கழித்து ஒரு வழி கண்டுபிடித்தேன். தாளுக்கும் நரம்புக்கும் நடுவில் ஒரு தீக்குச்சியை வைத்து வழக்கம்போல விறைப்பாக ஒட்டுவது, காய்ந்ததும் குச்சியை உருவிவிடுவது. தளர்வு ஒரே அளவில் விழுந்தது. மேடம் அதை மில்லிமீட்டரில் நோட்டில் எழுதிக்கொண்டார். எனக்கு அது ஒரு தீக்குச்சி.

ஆறு வாரத்தில் மெஷின் செடிக்கு நடுவில் அந்தரத்தில் நின்றது. முதலில் பத்து நொடி, பிறகு இருபது. இலையில் உரசினால் தடுமாறி மீண்டும் நின்றது. பணம் கொடுக்கும் இடத்திலிருந்து மூன்று பேர் குழு பார்க்க வருவதாகத் தகவல் வந்தது. ஒரு பூச்சரத்துக்கு எதிரே ஒரு முழு நிமிடம் நிற்க வேண்டும். நின்றால் இன்னும் இரண்டு வருடம் வேலை நடக்கும், என் பெயரில் ஓர் அடையாள அட்டையும் வரும். நிற்காவிட்டால் பெட்டியைக் கட்ட வேண்டும். மேடத்துக்கு இன்னொரு ஆசையும் இருந்தது. அதே சரத்துக்குத் தேனீயும் வர வேண்டும், மெஷினும் தேனீயும் ஒரே படத்தில் பறக்க வேண்டும், இதைப் பார்த்துத்தான் அதைச் செய்தோம் என்று காட்ட வேண்டும்.

எந்த வேலை போனதற்கும் நான் வருத்தப்பட்டதில்லை. போன வேலைகளும் அப்படித்தான். இது போய்விடக் கூடாது என்று இருந்தது. வெட்கமாக இருந்ததால் யாரிடமும் சொல்லவில்லை.

குழு வருவதற்கு இரண்டு நாள் முன்பு முதலாளி ஜீப்பில் வந்தார். பெரிய இடத்து ஆட்கள் வருகிறார்களே, என்னென்ன ஏற்பாடு செய்ய வேண்டும் என்று என்னிடம் கேட்டார். மட்டன் பிரியாணி, பிளாஸ்டிக் நாற்காலி, பிளெக்ஸ் பேனர் எல்லாம் அவரே சொல்லி அவரே முடிவு செய்தார். என் பங்குக்கு நானும் எதையாவது சொல்ல வேண்டுமே. அந்த மூவரில் ஒருவர் முன்பொரு தடவை தோட்டம் பார்க்க வந்திருந்தார். தேனீ ஒன்று தலையைச் சுற்றியதும் ஜீப்புக்குள் ஏறிக் கண்ணாடியை ஏற்றிக்கொண்டவர் கடைசிவரை இறங்கவில்லை. மீதி விளக்கத்தை மேடம் கண்ணாடிக்கு வெளியே நின்று கத்தித்தான் சொன்னார். இந்தக் கதையை நடித்தே காட்டினேன். முதலாளி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

“சரி, அதை நான் பாத்துக்குறேன் மாப்ளே” என்று சொல்லிவிட்டு ஜீப்பில் ஏறினார்.

கதை ரசிக்கப்பட்ட சந்தோஷத்தில் நான் அதை யோசிக்கவில்லை. அந்த ஊரில் பிறந்தவன் யோசித்திருக்க வேண்டும். வெளியாள் தோட்டம் பார்க்க வந்தால் மலையில் ஒரு மரியாதை உண்டு. பாதைப் புல்லை வெட்டுவார்கள், சருகைக் கூட்டுவார்கள், மருந்து அடிப்பார்கள். இலையில் ஒரு பூச்சி தெரிந்தால் வீட்டில் ஒட்டடை தெரிந்த மாதிரி.

குழுவை அழைத்துவர மேடமும் நானும் முதல்நாளே போடிக்கு இறங்கியிருந்தோம். விடிகாலையில் நாங்கள் இரண்டு பேர் மட்டும் முன்னால் வந்தோம். கடைசி வளைவில் ஜீப்புக்குள் மருந்து வாடை அடித்தது. டிரைவர் கண்ணாடியை ஏற்றினார். மேடம் இறக்கினார்.

தோட்டம் கோவில் மாதிரி சுத்தமாக இருந்தது. பூவெல்லாம் விரிந்திருந்தது, வெள்ளையில் ஊதாக் கோடு போட்டு, ஒவ்வொரு சரத்திலும். சத்தம் மட்டும் இல்லை. அங்கே இருந்த நாட்களில் அப்படியொரு சத்தம் இருந்ததாகவே எனக்குத் தெரியாது. முந்தின சாயங்காலம் கூட்டுக்குத் திரும்பாமல் தங்கிவிட்ட தேனீக்களும், விடிந்ததும் முதலில் வந்தவையும் தரையில் கிடந்தன. சில மல்லாந்து கிடந்து இறக்கை அடித்துக்கொண்டே ஒரே இடத்தில் வட்டமாகச் சுற்றின. மேடம் குந்தி உட்கார்ந்து பார்த்தார். அவர் கழுத்தில் கேமரா தொங்கியது. எடுக்கவில்லை.

கங்காணி அக்கா முகத்தில் துண்டைக் கட்டிக்கொண்டு நின்றார். நேற்று மதியம் முதலாளி போன் செய்து, பெரியவர்களைப் பூச்சி கடிக்கக் கூடாது என்று சொல்லி, எங்கள் பாத்தியில் மட்டும் இரண்டு சுற்று அடிக்கச் சொன்னதாகச் சொன்னார்.

“படம் பிடிக்கிற எடமாச்சேன்னு கேட்டேன் அப்பு. அதான் படத்துல மிஷின் வருதேங்கிறாரு.”

நான்தான் அந்தக் கதையைச் சொன்னேன் என்று மேடத்திடம் சொல்லிவிட்டேன். நடித்துக் காட்டியதை மட்டும் விட்டுவிட்டேன். அவர் எழுந்து முழங்கால் மண்ணைத் தட்டினார்.

“பேட்டரியப் போடுங்க. பத்து மணிக்கு வந்துருவாங்க.”

பத்தரைக்கு வந்தார்கள். தேனீக்குப் பயந்தவர் இந்த முறை தைரியமாக இறங்கி எல்லோருக்கும் முன்னால் நடந்தார். மெஷினை விட்டோம். அது மேலேறி, பூச்சரத்துக்கு எதிரே வந்து, நின்றது. ஓர் இலை அதன்மேல் ஆடியது. தடுமாறி, சரிசெய்துகொண்டு, நின்றது. நான் என் எட்டு இறக்கைகளில் நல்ல இரண்டை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு நிமிடத்துக்கு மேல் ஐந்து நொடி. இறங்கியதும் கை தட்டினார்கள். அந்தத் தோட்டத்தில் அன்று பறந்தது அது ஒன்றுதான்.

குழுவில் மூத்தவர் சுற்றிப் பார்த்துவிட்டு, இங்கே தேனீயே காணோமே என்றார்.

“நேத்து வரைக்கும் இருந்துச்சுங்க சார்” என்றார் மேடம். “நேத்து சாயங்காலம் மருந்து அடிச்சுட்டாங்க. கீழ பாருங்க, கிடக்குது.”

அவர்கள் கீழே பார்த்தார்கள். முதலாளி முன்னால் வந்து, உங்களுக்காகத்தான் சார், ஒரு பூச்சி அண்டாது என்று பெருமையாகச் சொன்னார். தேனீக்குப் பயந்தவர் அவர் கையைப் பிடித்து நன்றி சொன்னார். மூத்தவர் மட்டும் யோசனையாகத் தலையாட்டினார். அப்படியானால் பூவுக்குப் பூ மகரந்தம் கொண்டுபோக ஆளில்லை, இந்த மெஷினுக்கு இங்கே எவ்வளவு தேவை இருக்கிறது என்றார். மற்ற இருவரும் எழுதிக்கொண்டார்கள். இந்த மெஷின் மகரந்தத்தைத் தூக்காது, அதன் உடம்பில் மயிரே கிடையாது என்று மேடம் சொன்னார். ஒரு சின்ன பிரஷ் ஒட்டிவிடலாமே என்றார்கள். பிறகு பிரியாணி சாப்பிட்டார்கள்.

அவர்கள் போன பிறகு கங்காணி அக்கா மெஷின் பேட்டரி எவ்வளவு நேரம் நிற்கும் என்று கேட்டார். ஐந்து நிமிடம் என்றேன். ஒரு செடியைக் கையால் விலக்கி அதன் காலடியில் இருந்த பூக்களை எண்ணப் போனவர், பாதியில் நிறுத்திவிட்டு என் முகத்தைப் பார்த்துச் சிரித்தார். எங்கள் வேலையைப் பற்றி வந்த மதிப்புரைகளில் அதுவே சிறந்தது.

வேலை நீண்டது. தலைப்பு மட்டும் மாறியது. இப்போது நாங்கள் அதிகாரபூர்வமாகத் தேனீக்கு மாற்று செய்கிறோம். என் அட்டையும் வந்தது. ‘திட்ட உதவியாளர்’ என்று போட்டு, போட்டோவில் திருடனைப் போல இருக்கிறேன். முதல் இரண்டு நாள் அதைச் சட்டைக்கு வெளியே மாட்டிக்கொண்டு போடி கடைத்தெருவில் நடந்தேன். செத்துக் கிடந்தவற்றின் புண்ணியத்தில் வந்த அட்டை என்று யாரிடமும் சொல்லவில்லை. அவர்களும் கேட்கவில்லை.

பதினைந்து இருபது நாளில் கொஞ்சம் தேனீ திரும்பி வந்தது. மேடம் மறுபடி ஈரத்தில் படுத்தார். அடுத்த இறக்கைக்கு, தேனீ பக்கவாட்டில் திரும்பும்போது என்ன செய்கிறது என்று பார்க்க வேண்டியிருந்தது. அதற்குள் அடுத்த மருந்துச் சுற்று வந்துவிட்டது. நீங்கள் உள்ளூர்க்காரர், முதலாளியிடம் பேசுங்கள் என்றார். இந்த மாதிரி நேரத்தில் நான் வழக்கமாக வேறு ஊருக்குப் போய்விடுவேன். அட்டை இருந்ததால் போக முடியவில்லை. போடியில் அவர் கடைக்குப் போனேன். பெண்கள் முறத்தில் காய் தரம் பிரித்துக்கொண்டிருந்தார்கள். எங்கள் பாத்தியில் மருந்து வேண்டாம் என்றேன்.

“மிஷின்தான் வந்துருச்சுல்ல மாப்ளே. இனி தேனீ எதுக்கு?”

“மிஷின் செய்யத்தான் மொதலாளி.”

அவர் ஒரு காயை எடுத்து வாயில் போட்டுக்கொண்டு கொஞ்ச நேரம் மென்றார். தேனீ இல்லாமல் மெஷின் இல்லை, மெஷின் வந்தால் தேனீ தேவையில்லை, அப்படித்தானே என்று கேட்டார். ஆமாம் என்றேன். படித்தவர்கள் சோலி புரியவே இல்லை என்றார். ஆனாலும் மனம் இளகி, எங்கள் பாத்தியையும் பக்கத்து இரண்டு பாத்தியையும் விட்டுவிடச் சொல்லி கங்காணி அக்காவுக்குப் போன் போட்டார். நான் படி இறங்கும்போது பின்னாலிருந்து கூப்பிட்டார்.

“பெரியவுக யாரும் வந்தா மட்டும் மறக்காம முன்கூட்டியே சொல்லிரு மாப்ளே. வெரசா அடிச்சு விட்டுர்றேன்.”

சரி மொதலாளி என்றேன். அதன் பிறகு மூன்று குழு வந்து பார்த்துவிட்டுப் போயிருக்கிறது. எல்லோரையும் என் சித்தப்பா மக்கள் என்றுதான் அவரிடம் சொல்லிவைத்திருக்கிறேன்.